நுண்ணலைக் கொம்பின் பயனுறுதிறன்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடலைக் கீறாமலேயே உடலின் உள்ளே பார்க்க வேண்டும் என்பது மருத்துவக் கலையின் நெடுநாள் வேட்கை. 1895-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு இயற்பியல் அறிஞர் இராண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். அன்று தொட்டு அவ் வேட்கை ஒவ்வொரு படியாக நிறைவேறி வந்துள்ளது. ஊடுகதிருக்குப் பின் கேளாவொலி வந்தது. அதன்பின் காந்த ஒத்ததிர்வுப் படம் வந்தது. இவை மூன்றும் இன்று பெருமருத்துவமனைகளில் நாள்தோறும் பயன்படுகின்றன. இவற்றிற்குப் பக்கத்தில், மருத்துவமனைக்குள் முழுமையாக நுழையாமல், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாயிலிலேயே நின்று கொண்டிருப்பது ஒன்று உண்டு. அதுவே நுண்ணலைப் படிமமுறை. அது வாயிலில் நிற்பது ஏன் என்று வினவுவார்க்கு விடைகள் பல. அவற்றுள் அறிஞரல்லார் காதிற்கு எட்டாத விடை ஒன்றைப் பற்றியதே இவ்வுரை. அலையை உடலுக்குள் செலுத்தும் சிறு கருவி, தனக்குக் கொடுக்கப்பெற்ற ஆற்றலுள் எத்துணைப் பங்கை உண்மையாகவே உடலுக்குள் செலுத்துகின்றது? வினா எளியது, விடை காண்பதோ அரியது.

முதற்கண், நுண்ணலை உடலில் எதைப் பார்க்கின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். ஊடுகதிர் திண்மையைப் பார்க்கின்றது. ஆகலின் எலும்பு தெளிவுறத் தெரிகின்றது. கேளாவொலி, அடுத்தடுத்த படலங்களின் இறுக்க வேறுபாட்டைப் பார்க்கின்றது. நுண்ணலை பார்ப்பதோ நீரை. நீர் மிக்க தசையும், நீர் குறைந்த கொழுப்பும் நுண்ணலைக்கு இருவேறு உலகங்கள். நொடிக்கு 100 கோடி முறை அதிரும் அலைக்குத் தசையின் மின்னேற்புத் திறன் வெற்றிடத்தைப் போல் ஏறத்தாழ 55 மடங்கு. கொழுப்பினதோ 5 மடங்கிற்குச் சற்று மேல். இவ்வளவு பெரிய வேறுபாடு ஊடுகதிருக்குக் கிட்டாத வாய்ப்பு. மேலும், நுண்ணலை அணுக்களைச் சிதைக்கும் ஆற்றலுடையது அன்று. படிமத்திற்கு வேண்டும் ஆற்றலும் கைப்பேசி வெளிவிடுவதினும் மிகக் குறைவு. மார்பைத் தட்டுகளுக்கிடையே நசுக்க வேண்டுவதில்லை. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். இத்துணை நலங்களையும் எண்ணியே ஆய்வறிஞர் பலர் தம் வாழ்நாளை இதற்கு ஈந்தனர்.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆங்கிலத்தில் 'ஆண்டெனா' என்பது இலத்தீன் சொல். பாய்மரத்திற் குறுக்காகக் கட்டப்பெறும் கழியையே அது முதலிற் குறித்தது. பூச்சியின் தலையில் நீண்டிருக்கும் உணர்கொம்பிற்கும், பின்னர் வானொலிக் கம்பிக்கும் அதுவே பெயராயிற்று. தமிழில் 'அலைவாங்கி' என வழங்குகின்றோர் உளர். வீட்டு மேற்கூரையில் நிற்கும் தொலைக்காட்சிக் கம்பிக்கு அப்பெயர் பொருந்தும். அது வாங்க மட்டுமே செய்கின்றது. இங்குப் பேசப்படுவதோ வாங்கவும் செய்யும், வழங்கவும் செய்யும். ஊதினால் ஒலிப்பதும் கொம்பு. பூச்சி உணர்வதற்கு நீட்டுவதும் கொம்பு. ஆகவே இவ்வுரையில் 'அலைக்கொம்பு' என்றே வழங்கப்பெறும். இதனினும் நல்ல சொல்லைப் புலவர் பெருமக்கள் காட்டுவராயின் அதனைக் கொள்க.

இனிப் பயனுறுதிறன் என்பது யாது? அலைக்கொம்பிற்குள் மின்னாற்றல் கம்பி வழியே வருகின்றது. வந்ததில் ஒரு பகுதி, பொருத்தம் இன்மையால் வாயிலிலேயே திரும்பி விடுகின்றது. உள்ளே சென்றதில் ஒரு பகுதி, கொம்பின் மாழையிலும் அதனைத் தாங்கும் பொருளிலும் வெப்பமாகி வீணாகின்றது. எஞ்சியதே அலையாக வெளிப்படுகின்றது. உள்ளே சென்றதற்கும் அலையாக வெளிப்பட்டதற்கும் உள்ள விகிதமே கதிர்ப்புப் பயனுறுதிறன். நூற்றுக்கு 50 வெளிப்படுமாயின் திறன் பாதி. உடலுக்கு இப்புறம் ஒரு கொம்பும் அப்புறம் ஒரு கொம்பும் நின்று, ஒன்று வழங்க மற்றது வாங்கும்போது, இருமுறையும் பாதி இழப்பாகி நான்கில் ஒரு பங்கே கைக்கு வருகின்றது. இது உடல் எடுத்துக் கொள்வதற்கு முன்னரே நேரும் இழப்பு.

உடல் எடுத்துக் கொள்வதும் சிறிதன்று. மேற்சொன்ன 100 கோடி அதிர்வுக்குத் தசையில் ஒரு செ.மீ. கடந்தால் நூற்றில் ஏறத்தாழ 60 பங்கே மிஞ்சும். ஐந்து செ.மீ. கடந்தால் எட்டுப் பங்கு. பத்து செ.மீ. கடந்தால் ஆயிரத்தில் ஆறே பங்கு. அதிர்வை 300 கோடியாக உயர்த்தினால் படத்தின் நுணுக்கம் கூடும். ஆனால் ஒரு செ.மீ.க்குள்ளேயே மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிடும். நுணுக்கம் வேண்டுவோர் ஆழத்தை இழக்கின்றனர். ஆழம் வேண்டுவோர் நுணுக்கத்தை இழக்கின்றனர். இந்த இழுபறியின் நடுவே அலைக்கொம்பும் தன் பங்கிற்குத் திருடுமாயின், திருடிய அளவையாவது துல்லியமாக அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

காற்றில் நிற்கும் அலைக்கொம்பின் திறனை அளப்பதற்கு அழகிய வழியொன்று உண்டு. 1959-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஆரல்டு வீலர் அதனை வெளியிட்டார். சிறிய அலைக்கொம்பைச் சுற்றி, அலைநீளத்தை ஆறேகாலால் வகுத்தால் வரும் ஆரமுடைய கற்பனைக் கோளம் ஒன்றை அவர் எண்ணினார். அக்கோளத்திற்குள் இருப்பது கொம்பின் தனி உடைமை. அதற்கு வெளியே சென்றது கதிர்த்துவிட்ட அலை. கோளத்தின் எல்லையில் ஒரு மாழைக் குடுவையைக் கவிழ்த்து மூடினால் என்ன ஆகும்? அலை வெளியே போக வழியில்லை. ஆனால் கொம்பின் உள்ளே நேரும் வெப்ப இழப்பு அப்படியே இருக்கும். எனவே, குடுவையின்றி ஒருமுறையும் குடுவையுடன் ஒருமுறையும் கொம்பின் நுழைவாயிலில் தடையை அளந்தாற் போதும். குடுவையின்றி 50 ஓம் என்றும், குடுவையிட்டபின் 10 ஓம் என்றும் வருமாயின், 40 ஓம் கதிர்ப்பிற்கு உரியது. திறன் நூற்றுக்கு 80. பெருங்கூடமும் வேண்டா, விலையுயர்ந்த கருவித் தொகுதியும் வேண்டா. நூறு கோடி அதிர்வுக்குக் காற்றில் அக்கோளத்தின் ஆரம் ஐந்து செ.மீ.க்கும் குறைவே, ஆகவே அடுக்களைச் சட்டி அளவுள்ள குடுவையே போதுமானது. அறிவியலில் இத்தகைய எளிமை அரிதாகவே வாய்க்கின்றது.

ஆனால் இதே கொம்பை உடலின் அருகில் வைத்தவுடன் இவ்வழகு முழுவதும் குலைந்து போகின்றது. கொம்பிற்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால், அலையின் பெரும்பகுதி தோலிற் பட்டுத் திரும்பிவிடும். ஆகலின் இடையில் ஏதேனும் நீர்மத்தை நிரப்புகின்றனர். உப்புநீர், கிளிசரின் கலந்த நீர், எண்ணெய் என அது பலவகை. நீர்மம் அலையை உறிஞ்சுவது. குடுவையைக் கவிழ்த்தாலும், உள்ளே அடைபட்ட நீர்மம் அலையை உண்டு வெப்பமாக்கிவிடும். குடுவையுடன் அளந்த தடை கொம்பின் இழப்பை மட்டுமா காட்டுகின்றது, நீர்மத்தின் இழப்பையும் சேர்த்தா காட்டுகின்றது? பிரித்துச் சொல்ல வழியில்லை. வீலரின் முறை தான் நிற்கும் அடிப்படையையே இங்கு இழந்துவிடுகின்றது.

வெப்பத்தை அளந்து பார்க்கலாமே என்று கேட்கலாம். ஒரு லிட்டர் நீரில் 10 வாட்டு ஆற்றலைப் பத்து மணித்துளி செலுத்தினால் நீரின் வெப்பநிலை ஒன்றரைப் பாகை அளவு உயரும். நல்ல வெப்பமானிக்கு இது எளிதில் தெரியும். ஆனால் கொம்பின் மாழையில் வீணான ஆற்றலும் வெப்பமாகி அதே நீரைத்தான் சூடாக்குகின்றது. அலையாகச் சென்ற ஆற்றலும் கடைசியில் வெப்பமாகி அதே நீரைத்தான் சூடாக்குகின்றது. திறன் நூற்றுக்கு 90 ஆனாலும் 9 ஆனாலும் வெப்பமானி ஒரே எண்ணைத்தான் காட்டும். களவு கொடுத்தவனும் களவு கொண்டவனும் ஒரே உண்டியலில் காசு போட்டால் கணக்கர் என் செய்வார்?

இச்சிக்கலை முதலில் நேருக்கு நேர் எதிர்கொண்டவர்கள் அன்று வாசிங்டனில் இருந்த வால்ட்டர் இரீடு படைமருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த இலார்சனும் சாக்கோபியும் ஆவர். 1970-களின் இறுதியில் அவர்கள் ஒரு நாயின் சிறுநீரகத்தை உடலினின்று பிரித்தெடுத்து, நீரில் மூழ்கவைத்து, நொடிக்கு 390 கோடி அதிர்வுள்ள நுண்ணலையால் அதனைப் படமெடுத்தனர். காற்றில் அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 7.7 செ.மீ.; அந்த நீளத்தை வைத்துக்கொண்டு சிறுநீரகத்தின் உட்பகுதிகளைப் பிரித்துக் காண இயலாது. நீருக்குள் அலைநீளம் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கி 9 மி.மீ. அளவிற்கு வந்துவிடுகின்றது. கொம்பும் அவ்வாறே சிறிதாகிவிடுகின்றது. நீர், இழப்பைத் தரும் பகையாக இருந்துகொண்டே நுணுக்கத்தைத் தரும் நட்பாகவும் ஆயிற்று. கொம்பையும் நீரோடு பொருந்தும்படி அமைத்தமையால், வாயிலில் திரும்பும் ஆற்றல் குறைந்தது. படத்தில் சிறுநீரகத்தின் உள்ளமைப்பு தெரிந்தது. துறையின் தொடக்கம் அதுவே எனலாம்.

நீர்மத்திற்குள் நிற்கும் கொம்பை அளப்பதற்கு இன்று கையாளப்பெறும் முறைகளுள் ஒன்று வருமாறு. ஒத்த இரு கொம்புகளை நீர்மத் தொட்டியில் எதிரெதிரே நிறுத்துகின்றனர். இடைத்தொலைவைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு ஆற்றல் வந்து சேர்கின்றது என்று குறிக்கின்றனர். அலை விரிந்து பரவுவதால் நேரும் குறைவைக் கணக்கிட்டு நீக்கிவிட்டால், எஞ்சிய அளவை மடக்கை அளவையில் வரையும்போது நேர்கோடு ஒன்று கிடைக்கும். கோட்டின் சாய்வு நீர்மம் விழுங்கியது. கோட்டைத் தொலைவு சுழி வரை நீட்டினால் அது வெட்டும் இடம் கொம்புகளுக்கு உரியது. களவு கொண்டவனையும் கொடுத்தவனையும் இவ்வாறு ஒருவாறு பிரித்துவிடலாம்.

ஒருவாறு என்று சொன்னதற்குக் கரணியம் உண்டு. கொம்புகள் மிக நெருங்கியிருக்கும்போது ஒன்றையொன்று தொந்தரவு செய்கின்றன; கோடு வளைகின்றது. மிக விலகியிருக்கும்போது வந்து சேரும் ஆற்றல் கருவியின் இரைச்சலில் மூழ்கிவிடுகின்றது. அதினும் கெடுதியாக, நீர்மத்தின் வழி வராமல் இணைப்புக் கம்பியின் வெளித்தோலைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து வரும் கள்ள அலை உண்மை அலையை மிஞ்சிவிடுகின்றது. ஆற்றலை மிகுத்துச் செலுத்தினால் தீருமோ எனின், தீராது. உண்மை அலை மிகும் அளவிற்கே கள்ள அலையும் மிகும். இவ்விரண்டிற்கும் நடுவே சில செ.மீ. இடைவெளியே நம்பத்தக்கது. அந்தச் சில செ.மீ.யிலிருந்து ஒரு கோட்டை வரைந்து அதனைச் சுழி வரை நீட்டுவது, மூன்று படிகளைப் பார்த்துவிட்டு மாடி எங்கே தொடங்குகின்றது என்று சொல்வது போன்றது.

இன்னொரு சிக்கல் இதனினும் ஆழமானது. தொலைவை எங்கிருந்து அளப்பது? கொம்பின் முனையிலிருந்தா, நடுவிலிருந்தா, அடியிலிருந்தா? காற்றில் இவ்வினாவிற்குப் பொருளே இல்லை. பத்து மீட்டரில் ஒரு செ.மீ. என்ன செய்துவிடும்? தசையையொத்த நீர்மத்திலோ ஒரு செ.மீ. இடம் பெயர்ந்தால் நூற்றுக்கு 40 பங்கு கணக்கு மாறிப்போகும். கொம்பின் எப்புள்ளியைத் தொடக்கம் என வைத்துக்கொண்டாரோ அதைச் சொல்லாமல், தம் கொம்பின் திறன் இவ்வளவு என்று ஒருவர் கூறுவாராயின் அது வெற்றெண்ணேயாம். காற்றிற்கென வகுத்த 'திறன்' என்னும் சொல்லை நீர்மத்திற்குள் அப்படியே கொண்டுபோதல் கூடாது. புதுப்பொருள் வகுத்தே கொண்டுபோதல் வேண்டும்.

கனடா நாட்டின் ஆமில்டன் நகரில் உள்ள மெக்மாசுட்டர் பல்கலைக்கழகத்தார் 2009-இல் அவ்வாறே செய்தனர். கொம்பு எல்லாத் திசையிலும் எவ்வளவு கதிர்க்கின்றது என்பதை விட்டுவிட்டு, தோலைத் தொட்டு நிற்கும் கொம்பின் வாயிலிருந்து இழையத்திற்குள் எவ்வளவு இறங்குகின்றது என்பதையே அளவாகக் கொண்டனர். அதற்கு இணைப்புத் திறன் எனப் பெயரிட்டனர். இடையில் நீர்மமே வேண்டாத வகையில், திண்பொருளுக்குள் பொதிந்த ஊதுகுழல் வடிவக் கொம்பை அமைத்தனர். மருத்துவனுக்கு வேண்டிய வினா இதுதான். சுவரையும் கூரையையும் நோக்கிப் போகும் அலையால் அவனுக்கு என்ன பயன்?

இனி, இத்துறையின் வியப்பான பகுதிக்கு வருதல் வேண்டும். திறன் மிகுந்த கொம்பே நல்ல படம் தரும் என்று எவரும் எண்ணுவர். அமெரிக்காவின் தார்த்துமவுத்துக் கல்லூரியைச் சேர்ந்த பால் மீனியும் கீத்து பால்சனும் அவ்வெண்ணத்தையே தலைகீழாக்கினர். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மார்பகப் படிமப் பொறியில், பெண் குப்புறப் படுக்க, மார்பு படுக்கையிலுள்ள துளை வழியே நீர்மத் தொட்டிக்குள் தொங்குகின்றது. அதனைச் சுற்றி வட்டமாக 16 கொம்புகள். அக்கொம்புகளோ மிக எளியவை; கம்பியின் வெளியுறையை நீக்கி உட்கம்பியைச் சிறிது நீட்டிவிட்டது போன்ற ஒற்றைக் குச்சிகள். காற்றில் அவை குறுகிய அலைப்பட்டையில் மட்டுமே ஒழுங்காக இயங்குவன. இழப்பு மிக்க நீர்மத்திற்குள் மூழ்கியதும், அந்த இழப்பே அவற்றின் அதிர்வைத் தணித்து, 30 கோடி முதல் 100 கோடி அதிர்வு வரையுள்ள அகன்ற பட்டையில் இயங்கச் செய்தது. பதினாறும் நெருக்கமாக நின்றும் ஒன்றையொன்று குழப்பவில்லை. தொட்டிச் சுவரிற் பட்டுத் திரும்பும் அலையும், கம்பி வழியே ஊரும் கள்ள அலையும் நீர்மத்தில் அடங்கிப் போயின. திறனை விலையாகக் கொடுத்துத் தூய்மையை வாங்கினர். அவ்விலையைக் கொடுப்பதற்கு, மிக மெல்லிய அலையையும் பிரித்தறியும் வாங்கற் பொறி அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதனையும் அவர்களே அமைத்தனர்.

கால்கரிப் பல்கலைக்கழகத்தின் எலீசு பியர் குழுவினர் எதிர்வழியிற் சென்றனர். இழப்புக் குறைந்த கனோலா எண்ணெயில் மார்பைத் தொங்கவிட்டு, அலையை முன்னோக்கிக் குவிக்கும் தகட்டுக் கொம்பின் வாயில் தனிப்பொருள் ஒன்றைப் பதித்து, கற்றையைக் கூர்மையாக்கினர். பிரிட்டனில் பிரிசுடல் பல்கலைக்கழகத்தார் அரைக்கோளக் கிண்ணத்தில் 60 கொம்புகள் வரை பதித்தனர். எவர் வழி சிறந்தது என்று முடிவு கட்டும் நிலை இன்னும் வரவில்லை. எனினும், நூற்றுக்கு இத்தனை என்னும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு கொம்புகளை வரிசைப்படுத்துவது பேதைமை என்பதை மட்டும் தார்த்துமவுத்துக் குழுவினர் ஐயமற நாட்டிவிட்டனர்.

அங்ஙனமாயின் திறனை அளப்பதே வேண்டா என்று சொல்லிவிடலாமோ? அதற்கு 2007-ஆம் ஆண்டு விடை சொல்கின்றது. விசுகான்சின், கால்கரி ஆகிய பல்கலைக்கழகங்களின் ஆய்வறிஞர் ஒன்றுசேர்ந்து, அறுவை மருத்துவத்தின்போது எடுக்கப்பெற்ற மார்பக இழையங்களை 50 கோடி முதல் 2000 கோடி அதிர்வு வரை அளந்து வெளியிட்டனர். கொழுப்பிற்கும் புற்றிற்கும் பத்து மடங்கு வரை வேறுபாடு இருந்தது; அது எதிர்பார்த்ததே. ஆனால் நார்ச் சுரப்பி இழையத்திற்கும் புற்றிற்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு 10 அளவே என்று தெரிந்தது. புற்று பெரும்பாலும் தோன்றுவது அவ்விழையத்தில்தான். ஊடுகதிர் தடுமாறுவதும் அவ்விழையம் மிக்க அடர்ந்த மார்புகளில்தான். எந்தப் பெண்ணுக்கு நுண்ணலை மிகுதியும் வேண்டுமோ, அவளிடத்தில் அது காண வேண்டிய வேறுபாடு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஒரு கொம்பின் திறனை நூற்றுக்கு 20 தவறாக எண்ணிவிட்டால், அத்தவறு அந்தப் பத்தை விழுங்கிவிடும். இல்லாத கட்டி படத்தில் தோன்றலாம். இருக்கின்ற கட்டி மறையலாம். முன்னதால் ஒரு பெண் வீணே அஞ்சிச் சாவாள். பின்னதால் அஞ்சாமலே சாவாள்.

மூளைக்கும் இதே நிலைதான். திடீரென ஒருவர் கைகால் விளங்காமல் வீழ்கின்றார். மூளைக் குழாயில் குருதி உறைந்து அடைத்ததா, குழாய் வெடித்துக் குருதி கசிந்ததா? அடைப்பாயின் உறைவைக் கரைக்கும் மருந்து உயிர் காக்கும். கசிவாயின் அதே மருந்து உயிரைக் கொள்ளும். சுவீடனில் கோத்தன்பர்க்கு நகரின் சால்மர்சு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் மிதிவண்டி ஓட்டுநர் அணியும் தலைக்கவசத்திலேயே கொம்புகளைப் பதித்து இதனைப் பிரித்தறிய முயன்று, தம் ஆய்வின் முடிவை 2014-இல் வெளியிட்டனர். நோயாளி மருத்துவமனை வந்து சேருமுன் வண்டியிலேயே அறிந்துவிட வேண்டும் என்பது நோக்கம். தலைமுடியும் எலும்பும் கொம்பின் வாயை மறைத்து நிற்க, ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு பொருத்தம் அமைய, கொம்பின் திறனும் தலைக்குத் தலை மாறுகின்றது.

ஆகவே ஆய்வறிஞர் ஓர் உத்தியைக் கையாளுகின்றனர். முதலில் உடலின்றி, வெறும் நீர்மத்தை மட்டும் வைத்து ஒருமுறை அளக்கின்றனர். பின்னர் உடலை வைத்து மறுமுறை அளக்கின்றனர். இரண்டையும் வகுத்து விடுகின்றனர். கொம்பின் திறன் இரண்டிலும் ஒன்றே ஆயின் வகுக்கும்போது அது அடிபட்டுப் போய்விடும். அதனை அறியவே வேண்டியதில்லை. 'ஆயின்' என்னும் அச்சொல்லில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. உடல் நெருங்கி வரும்போது கொம்பின் அருகிலுள்ள புலம் மாறுகின்றது; புலம் மாறினால் நுழைவாயிலின் பொருத்தம் மாறுகின்றது; திறனும் உடன் மாறுகின்றது. எவ்வளவு மாறுகின்றது என்பதை அறிய, உடலையொத்த போலியுருக்களை நார்ச் சுரப்பிக்கு ஒன்று, கொழுப்பிற்கு ஒன்று எனக் கூழ்மத்தில் எண்ணெய் கலந்து வார்த்து, அவற்றைக் கொம்பிற்கு ஒரு செ.மீ., இரண்டு செ.மீ., மூன்று செ.மீ. தொலைவில் வைத்து ஒவ்வொரு நிலையிலும் நுழைவாயிலை அளக்கின்றனர். எத்தொலைவிற்கு அப்பால் அளவு மாறாமல் நிற்கின்றதோ, அத்தொலைவிற்கு உட்பட்டுத் தோல் வாராதபடி கொம்பு வளையத்தின் அகலத்தை அமைக்கின்றனர்.

நீர்மத்தின் வெப்பநிலையையும் காத்தல் வேண்டும். 20 பாகையில் 80 ஆக இருக்கும் நீரின் மின்னேற்புத் திறன் 30 பாகையில் 77-க்கும் கீழே இறங்கிவிடும். வெறும் நீர்மத்தைக் காலையில் குளிர்ந்த அறையில் அளந்துவிட்டு, நோயாளியை நண்பகலில் படுக்க வைத்தால், உடல்வெப்பமும் சேர்ந்து, காலையில் அளந்த கொம்பு வேறு, நண்பகலில் அளக்கும் கொம்பு வேறு என்றாகிவிடும். அதனால், ஒவ்வொரு நோயாளியும் எழுந்து சென்றவுடனே தொட்டியை மீண்டும் அளந்து வைத்துக்கொள்ளுதல் நன்று.